தொட்டியில் விதையூன்றி லெட்டூஸ் வளர்த்தல்: வடசென்னை மாடிகளுக்கு எந்தப் பருவம், எந்த நீர்?

கொருக்குப்பேட்டை மாடி எழுதியது:

வணக்கம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி, வெண்டை, அரைக்கீரை ஆகியவற்றைப் பைகளில் வளர்த்து வருகிறேன். இந்த ஆண்டு, பச்சையாக உண்ணும் சாலட் இலையான லெட்டூஸையும் விதையிலிருந்தே வளர்க்க எண்ணுகிறேன். வாங்கி வைத்திருக்கும் விதை உறையின் பின்புறத்தில், ஆண்டு முழுவதும் விதைக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எதிர்வீட்டு மாடியில் ஆவணி மாதம் விதைத்தவருக்கு ஒரு முளைகூடக் கிளம்பவில்லை. அதே உறையில் மிஞ்சிய விதையைக் கார்த்திகையில் தூவியபோது நெருக்கமாக முளைத்தது என்கிறார். விதை நல்ல விதைதான் என்றால் ஆவணியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே என் முதல் கேள்வி. காசிமேட்டில் மீன் அடைத்து வரும் தெர்மாகோல் பெட்டிகள் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றில் நடலாமா, வளர்ப்புப் பைதான் வேண்டுமா? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்றே கரிக்கும். இந்தச் செடி அதைத் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

அம்மா, எதிர்வீட்டாருக்கு நேர்ந்ததில் விதையின் குற்றம் எதுவும் இல்லை. லெட்டூஸ் குளிர்ப் பருவப் பயிர். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள ஈர மண்ணில் அதன் விதை மிக நன்றாக முளைக்கும். மண்ணின் வெப்பம் 28, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான இரகங்களின் விதை நீரை உறிஞ்சி உப்பிய பிறகும் முளைவிடாமல் நின்றுவிடும். விதைக்குள் கருவை மூடியிருக்கும் மெல்லிய திசு வெப்பத்தில் இளகிக் கொடுப்பதில்லை. அதனால் வேர்முனை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வர முடிவதில்லை. அந்த நிலையில் ஈரத்திலும் வெக்கையிலும் பல நாள் கிடந்த விதை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பிறகு மண் குளிர்ந்தாலும் அது உடனே விழிப்பதில்லை. ஆகவே ஆவணியில் தூவிய தொட்டிக்கே தொடர்ந்து நீர் ஊற்றிக் காத்திருப்பதில் பயனில்லை; உறையில் மிஞ்சியிருந்த உலர்ந்த விதை கார்த்திகையில் முளைத்ததன் காரணமும் இதுவே. உலர்ந்த நிலையில் இருக்கும் வரை அதற்கு இந்த உறக்கம் ஏறுவதில்லை.

சென்னையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியும், இரவு வெப்பம் 21, 22 டிகிரியை ஒட்டியும் இருக்கும். நமக்குக் கிடைக்கும் சாளரம் அவ்வளவுதான். உரம், மண்கலவை, பையின் அளவு என்று எதைப் பற்றிப் பேசினாலும், இந்தச் சாளரத்துக்குள் செடியை வளர்த்து முடிப்பதே நம் ஊரில் லெட்டூஸ் வளர்ப்பின் முதன்மையான வேலை என்பது என் கருத்து. பிப்ரவரி பிற்பகுதியில் வெயில் ஏறத் தொடங்கியதும் செடி நடுத்தண்டை நீட்டிப் பூவுக்குப் போய்விடும். அதற்கு மேல் எந்த உரத்தாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது.

ஆகவே விதையை முதலில் ஈரத்தோடு சில நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, நவம்பர் முதல் வாரத்தில் கூரைக்குக் கீழே குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) விதைத்து, டிசம்பர் தொடக்கத்தில் பெட்டிக்கு மாற்றி, பொங்கலுக்கு முன்பே முதல் இலைகளைப் பறிக்கத் தொடங்குமாறு திட்டமிடுங்கள். ஜனவரி முதல் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு விதைத்து வந்தால் பிப்ரவரி இறுதி வரை அறுவடை தொடரும்.

பெரம்பூர் கீரைத்தோட்டம் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. லெட்டூஸ் ஊட்டியிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மலையிலும் மேட்டு நிலத்திலும் வளர்வதை அங்கேயே வளர விடலாமே. அதே பெட்டியில் சிறுகீரையைத் தூவினால் ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம். சித்திரை வெயிலானாலும் அது முகம் சுளிக்காது. இரண்டு மாதச் சாளரத்துக்காக விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தாலாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

பெரம்பூர் நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இறுக்கமான உருண்டையாகக் கட்டும் ஐஸ்பர்க் வகையைச் சென்னை மாடியில் வளர்க்க முயல்வது வீண் செலவு. உருண்டை கட்டுவதற்கு அதற்கு நீண்ட குளிர்காலம் தேவை. ஆனால் இலை இலையாகப் பிரிந்து வளரும் வகைகளின் கதை வேறு. கிராண்ட் ராப்பிட்ஸ், பிளாக் சீடட் சிம்ப்சன், சாலட் பௌல் போன்ற இரகங்களில் சிற்றிலைகளை நான்கு வாரத்திலும் முழு இலைகளை ஏழு வாரத்திலும் பறிக்கலாம். நிமிர்ந்து வளரும் ரோமெய்ன் வகையில் இஸ்ரேலில் உருவான ஜெரிக்கோ என்ற இரகம் வெப்பத்தை ஓரளவு தாங்கும். மேலும், இது பறித்த சில மணி நேரத்திலேயே துவளும் இலை. மலையிலிருந்து லாரியில் இறங்கி, கடையில் ஒரு நாள் கிடந்து, பிறகு நம் வீட்டுக்கு வரும் இலையையும் காலை ஆறு மணிக்கு மாடியில் பறித்த இலையையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. மார்ச் மாதம் முதல் அதே பெட்டியில் உங்கள் சிறுகீரையைத் தூவிக்கொள்ளலாம். இரண்டுக்கும் சண்டை எதுவும் இல்லை.

வியாசர்பாடி இளைஞன் எழுதியது:

ஐயா, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? விதைக்கு மேல் மண்ணே போடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது உண்மையா?

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

தம்பி, வெளிச்சம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது. 1952ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழுவினர், நான் மேலே குறிப்பிட்ட அதே கிராண்ட் ராப்பிட்ஸ் லெட்டூஸின் விதையைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். நனைத்த விதையின் மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைத்தது. அதன்பின், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைப்பு நின்றது. இரண்டையும் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பாய்ச்சினாலும் கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது. தாவரங்கள் ஒளியை உணர்வதற்குப் பயன்படுத்தும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டறிய வழிவகுத்தது இந்தச் சோதனைதான்.

நமக்கு இதில் பயன்படும் செய்தி, விதையை ஆழப் புதைக்கக் கூடாது என்பதே. எல்லா இரகங்களுக்கும் ஒளி கட்டாயம் இல்லை. ஆனால் வெக்கை கூடும்போது ஒளியின் தேவையும் கூடும். ஆகவே ஈரமான கலவையின் மேல் விதையைத் தூவி, விரலால் மெல்ல அழுத்தி, கண்ணுக்கு விதை பாதி தெரியும் அளவுக்குச் சலித்த கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) தூவினால் போதும். மண்ணே போடாமல் விட்டால் நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்து, பாதி முளைத்த விதை கருகிவிடும். காணொளியில் சொன்னது பாதி உண்மை.

இனிக் குளிர்சாதன முறை. விதையை ஈரத் துணியிலோ காகிதக் கைக்குட்டையிலோ பரப்பி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, காய்கறி வைக்கும் தட்டில் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். உறைய வைக்கும் அறையில் வைக்கக் கூடாது. வெள்ளை முனை எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன்பாக எடுத்து, மாலை ஐந்து மணிக்கு மேல் விதைக்க வேண்டும். நனைந்த விதைக்கு முதல் சில மணி நேரம்தான் வெக்கை மிகுதியாகக் கேடு செய்யும். அந்த நேரம் இரவில் அமைந்துவிட்டால் பெரும்பகுதி தப்பிவிடும். காலை பத்து மணிக்கு விதைத்து, நண்பகல் வெயிலில் சூடேறும் தளத்தில் தட்டை வைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் முளைப்பு தவறுகிறது. நவம்பர் கடைசிக்குப் பிறகு விதைப்பவர்களுக்கு இந்தக் குளிர்சாதன வேலை தேவையே இல்லை. பெரம்பூர் நண்பர் நிம்மதி அடையலாம்.

காசிமேடு மாடித்தோட்டம் எழுதியது:

தெர்மாகோல் பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வளர்ப்புப் பையை விலை கொடுத்து வாங்குபவர் குறைவு. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி ஐஸ் இட்ட பெட்டிகள் எளிதில் கிடைக்கும். லெட்டூஸுக்கு அவை பையைவிடப் பொருத்தமானவை என்று உறுதியாகச் சொல்வேன். குளிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பதால் வெயிலின் சூடு வேர்ப்பகுதிக்கு மெதுவாகத்தான் இறங்கும். கறுப்பு பிளாஸ்டிக் பையின் வெயில் படும் பக்கத்தைப் பிற்பகலில் கையால் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். லெட்டூஸின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும். 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். பெட்டியை விளிம்பு வரை நிரப்ப வேண்டியதில்லை. பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால், மீதியிருக்கும் சுவர் இளம் செடிக்குக் காற்றுத் தடுப்பாகவும் அமையும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 36 லிட்டர் கலவை பிடிக்கும்; நனைந்தபின் அது 30 கிலோவை ஒட்டி வரும். பழைய மெட்ராஸ் ஓட்டுத் தளமுள்ள வீடுகளில் பெட்டிகளை நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசைப்படுத்துவதே நல்லது.

மீன் பெட்டியைக் கழுவும் வேலையில் சோம்பல் கூடாது. உப்பும் இரத்தமும் ஓரங்களில் ஊறியிருக்கும். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மீண்டும் ஒரு முறை நல்ல நீரில் அலசுங்கள். வாடை மிஞ்சினால் தெருப் பூனைகள் எல்லாம் உங்கள் மாடிக்கு வந்து மண்ணைக் கிளறும். பூனை வராவிட்டால் பெருச்சாளி வரும். அடியில் விரல் நுழையும் அளவில் ஆறு ஏழு துளை இட்டு, செங்கல் மேல் வையுங்கள். வெயிலில் தெர்மாகோல் மெல்ல மெல்ல உதிரும். வெளிப்புறத்தில் வெள்ளைச் சிமெண்ட் பூசினால் கூடுதலாகச் சில பருவம் தாங்கும். அந்த மணிகள் காற்றில் பறந்து கடலுக்குப் போவதும் குறையும்.

திருவொற்றியூர் கடற்கரை எழுதியது:

நீரைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை. வடசென்னையைப் பொறுத்தவரை வெப்பத்துக்கு அடுத்தபடியாகச் செடியைக் கெடுப்பது உப்புதான். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த செய்தி பல பத்தாண்டுகளாக எல்லாரும் அறிந்தது. கடலோரமாக உள்ள எங்கள் தெருக்களில் பல கிணறுகளின் நீரை வாயில் வைக்க முடியாது. கத்தரியும் தக்காளியும் ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும்; லெட்டூஸ் அந்த அளவுக்குப் பொறுக்காது. பாசன அறிவியலார் வகுத்த அளவின்படி, வேர்மண்ணின் சாற்றில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.3 டெசிசீமென்ஸ் ஆகும் வரை லெட்டூஸின் விளைச்சலுக்குக் கேடில்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் 13 விழுக்காடு விளைச்சல் குறையும். நீரில் கரைந்த உப்பை அளக்கக் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரில் ஏறத்தாழ 640 என்று காட்டினால் அது ஓர் அலகு என்று கொள்ளலாம். தொட்டியில் நீர் ஆவியாக ஆக உப்பு மண்ணிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும் என்பதால், ஊற்றும் நீர் அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

ஆகவே அம்மா, உங்கள் கிணற்று நீரை முதலில் அளந்து பாருங்கள். நாக்குக்கே கரிக்கிறது என்றால் அது இந்தச் செடிக்கு ஆகாது. குடிநீர் வாரியத்தின் குழாய் நீர் போதும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீர் வரும் பகுதியானாலும் கவலையில்லை, உப்பை நீக்கித்தான் அனுப்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் முதல் மழையைக் கழித்துவிட்டு மாடி நீரைப் பீப்பாயில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால் டிசம்பர் முழுவதும் நாற்றுக்குப் போதுமான நல்ல நீர் கிடைக்கும். நம்மவர்கள் பலர், வீணாகிறதே என்று, ஆர்ஓ கருவி கழித்துத் தள்ளும் நீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அந்த நீரில் உப்பு செறிந்திருக்கும். தரை கழுவப் பயன்படுத்துங்கள், லெட்டூஸுக்கு வேண்டாம்.

கோகோபீட் கட்டியிலும் இதே உப்புச் சிக்கல் உண்டு. கட்டியை ஊறவைத்துப் பிழிந்த நீரை மீட்டரில் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிழிந்த நீர் குழாய் நீரின் அளவை நெருங்கும் வரை அலச வேண்டும். இரண்டு மூன்று அலசலில் முடிந்துவிடும். அலசும் வேலைக்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் பலன் எதுவும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொருக்குப்பேட்டை மாடி எழுதியது:

மிக்க நன்றி. கிணற்று நீரை மீட்டரில் பார்த்தேன். 1,400க்கு மேல் காட்டுகிறது. குழாய் நீரையே பயன்படுத்துகிறேன். மண்கலவை அளவையும் உரத்தையும் பற்றிச் சொல்லுங்கள். காசிமேட்டில் மீன் கழிவு எளிதில் கிடைப்பதால் அதை வெல்லத்தோடு ஊறவைத்து மீன் அமிலம் செய்து வைத்திருக்கிறேன்; அதைத் தெளிக்கலாமா?

காசிமேடு மாடித்தோட்டம் எழுதியது:

அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. மீன் அமிலத்தை லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி கலந்து வேருக்கு ஊற்றலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பெரம்பூர் கீரைத்தோட்டம் எழுதியது:

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கீரையை நாம் வேகவைத்துக் கடைகிறோம். லெட்டூஸை யாரும் வேகவைப்பதில்லை. எனவே கீரைக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்யக் கூடாது. பச்சைச் சாணக் கரைசல், பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஆகிய எதுவும் இலை மீது படக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. அமெரிக்க அங்கக வேளாண் விதிகளில், மண்ணைத் தொட்டு வளரும் உணவுப் பகுதியாக இருந்தால், மக்காத சாணத்தை அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் முன்பே இட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. லெட்டூஸின் முழு ஆயுளே அதைவிடக் குறைவு. அப்படியென்றால் பச்சைச் சாணத்துக்கு இந்தப் பயிரில் இடமே இல்லை. நன்றாக மக்கிய உரத்தை நடுவதற்கு முன்பே கலந்துவிட்டு, பிறகு வேருக்கு மட்டும் ஊற்றுவதே முறை. மேலும் நம் மாடிகளில் எலியும் புறாவும் காகமும் நடமாடுகின்றன. எலிச் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலை மழைக்காலச் சென்னையில் யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியின் மேல் நான்கு குச்சி நட்டுக் கொசுவலை போர்த்தினால் இவற்றோடு, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினிக்கும் தடுப்பு கிடைக்கும். இலையைக் குடிநீரில்தான் கழுவ வேண்டும். கிணற்று நீரில் கழுவி, அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று எண்ணக் கூடாது.

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

பெரம்பூர் நண்பருடன் இதில் முழுமையாக உடன்படுகிறேன். இலைக்கு ஒரு சொட்டு மீன் அமிலமும் வேண்டாம். வேருக்கு ஊற்றுவதையும் பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மண்புழு உரம் ஒரு பங்கு இருக்கும் கலவையில் குறுகிய காலப் பயிருக்குக் கூடுதல் ஊட்டம் பெரிதாகத் தேவைப்படாது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெரிதாகும், ஆனால் மென்மையான இலைக்கு அசுவினி தேடி வரும். அசுவினி கண்டால் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதோடு நிறுத்துங்கள். வேப்பெண்ணெய் தெளித்த இலையில் கசப்பும் வாடையும் தங்கிவிடும்.

நாற்றழுகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் வானம் மூடியிருக்கும் நாட்களில் குழித்தட்டில் ஈரம் மிஞ்சினால், நாற்றின் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூலாக மெலிந்து சாயும். கலவையில், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சிறிது சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிடப் பயன் தருவது, பூவாளியால் மேலே ஊற்றாமல் தட்டின் அடியில் நீர் வைத்து உறிஞ்ச விடுவதும், காலையில் மட்டும் நீர் விடுவதும்தான்.

வியாசர்பாடி இளைஞன் எழுதியது:

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது, ஐயா. மஞ்சள்தூள் கோடு போட்டும் பயனில்லை. மேலும் மண்ணே இல்லாமல் நீரில் வளர்க்கும் முறை எளிதா?

காசிமேடு மாடித்தோட்டம் எழுதியது:

எறும்புக்கு நம் வீட்டு வழக்கமே போதும்: பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதைப் போல, நாற்றுத் தட்டை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அந்தச் செங்கற்களை நீர் நிரப்பிய அகலத் தட்டில் நிறுத்துங்கள். முளைத்து இரண்டு இலை விட்டதும் எறும்புக்கு ஆர்வம் போய்விடும்.

நீரில் வளர்க்கும் முறை பற்றி: கரைசல் சூடானால் அதில் உயிர்வளி குறைந்து வேர் அழுகும். டிசம்பர், ஜனவரியில் வெயில் படாத தாழ்வாரத்தில் வேண்டுமானால் முயலலாம். மொட்டைமாடியில் வேண்டாம்.

எண்ணூர் வாசி எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றை நான் எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு இது தலையாய சிக்கல். அனல்மின் நிலையங்களின் நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றோடு வந்து இலையில் படிகின்றன. மணலி, எண்ணூர் ஆகிய இடங்களில் காலையில் மாடிச் சுவரை விரலால் தடவினாலே கறுப்பு ஒட்டும். இதற்கு என் அனுபவத்தில் இரண்டு முன்னேற்பாடுகள் பயன்படுகின்றன. முதலாவது, சுருள் சுருளாக மடிந்த லோலோ ரோஸா போன்ற இரகங்களைத் தவிர்ப்பது. அவற்றின் மடிப்புகளில் படிந்த தூளை எத்தனை முறை அலசினாலும் முழுவதும் நீக்க முடியாது. வழவழப்பான, நிமிர்ந்த ரோமெய்ன் இலையை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவலாம். இரண்டாவது, மண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. லெட்டூஸ் மண்ணில் உள்ள காட்மியத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் பயிர் என்று அறியப்பட்டது. இலையில் படிந்த தூளைக் கழுவலாம், இலைக்குள் சேர்ந்ததைக் கழுவ முடியாது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்து வண்டல் கறுப்பாகச் செழிப்பாகத் தெரிகிறது என்று சிலர் அள்ளி வருகிறார்கள். சாம்பல் குளங்களின் அருகில் உள்ள மண்ணும் சிலருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இந்தப் பயிருக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம். வெளியூர்ச் செம்மண் கிடைக்காவிட்டால் செம்மண் பங்கை விட்டுவிட்டு, கோகோபீட்டும் மண்புழு உரமும் மட்டும் போட்டாலும் லெட்டூஸ் வளரும்.

பெரம்பூர் கீரைத்தோட்டம் எழுதியது:

எண்ணூர் நண்பர் எழுதியது லெட்டூஸுக்கு மட்டும் உரியதன்று. என் கீரைக்கும் பொருந்தும். வெளியிலிருந்து வாங்கிய மண்ணை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கொருக்குப்பேட்டை மாடி எழுதியது:

நவம்பரில் விதைத்தவை நான்கு இலை விட்டுவிட்டன. புயல் எச்சரிக்கை வந்திருப்பதால் இன்னும் குழித்தட்டிலேயே கூரைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எப்போது மாற்றலாம்? நிழல் வலை கட்ட வேண்டுமா?

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

புயல் கரையைக் கடக்கும் வரை பொறுங்கள். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில்தான். நவம்பரோடு மழை முடிந்துவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நாற்றைத் தட்டில் வைத்திருப்பதன் நன்மையே, அதைத் தூக்கி உள்ளே வைக்கலாம் என்பதுதான். மழை விட்டதும் ஒரு மாலை நேரத்தில் மாற்றுங்கள். சிற்றிலையாகப் பறிக்கப் போகிறீர்கள் என்றால் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், முழுச் செடியாக விடப் போகிறீர்கள் என்றால் 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இலைகள் கிளம்பும் நடுக்குருத்து மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். அது புதைந்தால் அழுகும்.

நிழல் வலையை டிசம்பரில் கட்ட வேண்டாம். அந்த மாத வெயில் மென்மையானது, வானமும் பல நாள் மூடியிருக்கும். வலைக்கு அடியில் நாற்று வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுவிடும். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, பிற்பகலில் சின்டெக்ஸ் தொட்டியின் நிழலோ படிக்கட்டு அறையின் நிழலோ விழும் இடமே மிகச் சிறந்தது. ஜனவரி கடைசியில் 50 விழுக்காடு வெயிலைத் தடுக்கும் பச்சை வலையை மேலே மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

பறிக்கும்போது வெளி இலைகளை ஒவ்வொன்றாக ஒடிக்கலாம்; அல்லது நடுக்குருத்துக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். விடியலில் பறித்த இலையில் நீர் நிறைந்திருக்கும். பிற்பகலில் பறித்தது துவளும். உள் இலைகளின் விளிம்பு பழுப்பாகக் கருகினால் உடனே சுண்ணாம்புச்சத்துப் பொடியைத் தேடி ஓட வேண்டாம். மண்ணில் கால்சியம் இருந்தாலும், மூடிக் கிடக்கும் உள் இலையில் நீராவிப்போக்கு குறைவு என்பதால் அது அங்கே போய்ச் சேர்வதில்லை. நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிகுதியாக ஊற்றாமல் தினமும் சீராக விடுவதும் காற்றோட்டம் தருவதுமே தீர்வு. பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவற்றோடு வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் இலையில் துருப் புள்ளிகள் தோன்றும்.

கொருக்குப்பேட்டை மாடி எழுதியது:

பிப்ரவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. இதுவரை நல்ல இலை கிடைத்தது. இப்போது சில செடிகளில் தண்டு நீண்டு, ஒடித்தால் வெண்பால் வடிகிறது, இலையும் கசக்கிறது. இனி இவற்றைப் பிடுங்கிவிடலாமா?

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

அந்தப் பாலில் உள்ள லாக்டூசின் முதலிய பொருள்கள்தான் கசப்புக்குக் காரணம். வெப்பமும் நீளும் பகலும் செடியைப் பூவுக்குத் தள்ளும்போது அவை இலையில் மிகும். முதலில் தண்டு நீட்டிய செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். கடைசி வரை நீட்டாமல் நிற்கும் இரண்டு மூன்று செடிகளை மட்டும் விதைக்கு விடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் பூத்ததிலிருந்து விதை எடுத்து, அடுத்த ஆண்டு இன்னும் விரைவாகப் பூக்கும் செடிகளைப் பெறுகிறார்கள். இது தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. கலப்பினம் அல்லாத இரகத்தின் விதை தாயைப் போலவே வரும். ஆகவே நம் வெக்கையில் தாமதமாகப் பூத்த செடியின் விதையைத் தொடர்ந்து தேர்ந்தெடுப்பது கடையில் வாங்குவதைவிடப் பயன் தரும்.

வியாசர்பாடி இளைஞன் எழுதியது:

என்னிடம் இரண்டு இரகங்கள் அடுத்தடுத்த பெட்டியில் பூத்திருக்கின்றன. கலந்துவிடுமா, ஐயா?

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

பூச்சிகளால் சிறிதளவு கலக்க வாய்ப்புண்டு, தம்பி. இரண்டுக்கும் இடையே மூன்று மீட்டர் இருக்குமாறு ஒரு பெட்டியை நகர்த்திவிடு. மஞ்சள் பூ வாடியபின் ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்தில் வெண்பஞ்சு தலைநீட்டும். எல்லாம் ஒரே நாளில் முதிராது. கடற்காற்று அடிப்பதற்கு முன், காலையில் பூக்கொத்தைக் காகிதப் பைக்குள் வளைத்து, முதிர்ந்ததை மட்டும் உதிர்த்துக்கொள். நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்த விதை அடுத்த கார்த்திகை வரை வீரியத்தோடு இராது. எடுத்த உடனே முளைக்கிறதா என்று ஈரத்துணியில் சோதித்துப் பார்த்து மனம் தளராதே. புதிதாக முதிர்ந்த விதைக்குச் சில வாரங்கள் இயல்பான உறக்கம் உண்டு. முளைப்புச் சோதனையை ஐப்பசியில் வைத்துக்கொள்.